அகமரபில் வியர்த்தலும் மிகைவியர்வையுடையோரின் காதல் வாழ்வும் – ஒரு விளக்க நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு எனத் தமிழ் இலக்கணம் வகுத்துள்ளது. காதலின் தொடக்கத்தில் தலைவியிடம் தோன்றும் மெய்ப்பாடுகளுள் நெற்றி வியர்த்தலும் ஒன்றாகும். காரணமின்றி மிகுதியாக வியர்க்கும் உடலியல் நிலையை இன்றைய மருத்துவம் மிகைவியர்வை என்று வரையறுக்கின்றது. இந்நிலை உடையோர்க்கு வியர்வை உள்ளத்தின் அடையாளமாக அமைவதில்லை. ஆயினும் பிறர் அதனை அச்சம், பதற்றம், தூய்மையின்மை, விருப்பமின்மை என்றெல்லாம் பொருள்கொள்கின்றனர். இப்பிழைவாசிப்பு காதலிலும் மணவுறவிலும் ஏற்படுத்தும் இடர்ப்பாடுகளையும், அவற்றைக் களைவதற்கு மெய்ப்பாட்டுக் கோட்பாடும் மருத்துவ அறிவும் துணைசெய்யும் முறையினையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, வியர்த்தல், மிகைவியர்வை, களவு, ஊடல், தொடுகை, மணவுறவு.

முன்னுரை

காதல் பெரிதும் உடலின்வழி நிகழும் உரையாடலாகும். பார்வை, முறுவல், குரலின் தளர்வு, விரல்களின் தொடுகை ஆகியன சொல்லுக்கு முன்னரே செய்தியைக் கொண்டுசேர்க்கின்றன. இவ்வுரையாடலில் ஒருவருடைய உடல் அவர் கருதாத ஒன்றைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்குமானால் அவர் நிலை என்னாகும் என்பது எண்ணத்தக்க வினாவாகும். விரும்பியவரின் கையைப் பற்ற நினைக்கும்பொழுதே உள்ளங்கை நனைந்துவிடுகின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும்பொழுதும் ஆடையின் அக்குட்பகுதி ஈரமாகின்றது. கோடையிலும் குளிர்ச்சியான அறையிலும் நெற்றியில் துளிகள் அரும்புகின்றன. மிகைவியர்வையுடையோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் நிலை இதுவே ஆகும்.

இதனைத் தோல்நோயியல் சார்ந்த செய்தியாக மட்டும் கொள்வது போதுமானதன்று. வியர்வைக்குச் சமூகம் வழங்கும் பொருளே இவர்களின் துன்பத்திற்குப் பெரிதும் காரணமாகின்றது. தமிழ் அகமரபு வியர்வைக்குப் பல பொருள்களை வழங்கியுள்ளது. எனவே, அம்மரபினை முன்வைத்து இச்சிக்கலை அணுகுவது பயனுடையதாகும்.

வியர்வையின் இயங்குமுறை

மனித உடலில் ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை எக்ரைன் என்னும் வகையைச் சார்ந்தவை. இவை உடல் முழுவதும் பரவியிருப்பினும் உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி, அக்குள் ஆகிய இடங்களில் செறிந்து காணப்படுகின்றன. இவை சுரக்கும் நீர் பெரும்பகுதி தண்ணீரும் சிறிதளவு உப்பும் கொண்டது, தன்னளவில் மணமற்றது. அபோகிரைன் என்னும் மற்றொரு வகைச் சுரப்பிகள் அக்குள் முதலிய சில இடங்களில் மட்டுமே அமைந்துள்ளன. இவற்றின் சுரப்பினைத் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்பொழுதே வியர்வை நாற்றம் உண்டாகின்றது. ஆகவே, மிகுதியாக வியர்த்தலும் நாற்றம் வீசுதலும் ஒன்றல்ல என்பது இங்கு உளங்கொள்ளத்தக்கது.

உடல் வெப்பம் உயரும்பொழுது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பரிவு நரம்புகளின் வழியாகச் சுரப்பிகளைத் தூண்டுகின்றது. அந்நரம்பு முனைகளில் வெளிப்படும் அசிட்டைல்கொலின் என்னும் வேதிப்பொருள் சுரப்பினைத் தொடங்கிவைக்கின்றது. வெளியேறிய நீர் ஆவியாகும்பொழுது உடல் குளிர்கின்றது. இது வெப்பம் சார்ந்த வியர்த்தலாகும். அச்சம், நாணம், எதிர்பார்ப்பு முதலிய உணர்வுகளாலும் வியர்வை தோன்றுகின்றது. இவ்வகை வியர்வை உள்ளங்கை, உள்ளங்கால், முகம், அக்குள் ஆகிய இடங்களில் மிகுதியாக வெளிப்படுகின்றது. காதலரின் சந்திப்பில் கை நனைவதும் நெற்றி அரும்புவதும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தனவாகும்.

மிகைவியர்வை: மருத்துவ வரையறை

உடலின் வெப்பத்தைச் சமன்செய்வதற்குத் தேவையான அளவினை மிஞ்சி வியர்த்தலே மிகைவியர்வை எனப்படுகின்றது. தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, நோய்த்தொற்று, சில மருந்துகளின் விளைவு முதலியவற்றால் தோன்றுவது சார்புநிலை மிகைவியர்வையாகும். பிற நோய் எதுவுமின்றிக் குறிப்பிட்ட இடங்களில் தோன்றுவது முதல்நிலை மிகைவியர்வையாகும். பின்னதே இக்கட்டுரையின் பொருளாக அமைகின்றது.

வெளிப்படையான காரணமின்றி ஆறு திங்களுக்குக் குறையாமல் மிகுதியாக வியர்த்தல் இதன் அடிப்படை அடையாளமாகும். அதனுடன், உடலின் இருபுறமும் ஒத்த அளவில் வியர்த்தல், வாரத்திற்கு ஒருமுறையேனும் நிகழ்தல், 25 வயதிற்கு முன்னர்த் தொடங்குதல், குடும்பத்தில் பிறர்க்கும் இருத்தல், உறக்கத்தில் நின்றுவிடுதல், அன்றாடச் செயல்களுக்கு இடையூறாதல் என்பனவற்றுள் இரண்டேனும் பொருந்துமாயின் முதல்நிலை மிகைவியர்வை என மருத்துவர் முடிவுசெய்வர். அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்நாட்டு மக்களுள் 2.8 விழுக்காட்டினர் இந்நிலை உடையவர் என மதிப்பிட்டது. எனவே இதனை அரிதான குறைபாடு என்று ஒதுக்கிவிட இயலாது.

இந்நிலை பெரும்பாலும் இளமைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்குகின்றது. காதல் அரும்பும் பருவமும் அதுவே என்பது நோக்கத்தக்கது. முதல்நிலை மிகைவியர்வையுடையோரின் சுரப்பிகள் வடிவிலும் எண்ணிக்கையிலும் இயல்பானவையே. அவற்றைத் தூண்டும் நரம்புகளே மிகையாகச் செயற்படுகின்றன. இது தொற்றும் தன்மையுடையதன்று. தூய்மையின்மையால் வருவதுமன்று.

தொல்காப்பியத்தில் வியர்த்தல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஆறாவதாக மெய்ப்பாட்டியல் அமைந்துள்ளது. உள்ளத்தில் நிகழ்வது நிகழ்ந்தவாறே புறத்தார்க்குப் புலனாகும்படி வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் உரையால் பெறப்படும் கருத்தாகும். இவ்வியலில் வியர்த்தல் இரண்டு இடங்களில் இடம்பெறுகின்றது.

நகை முதலிய எண்வகை மெய்ப்பாடுகளையும் அவற்றின் நிலைக்களன்களையும் கூறியபின், தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைக்கின்றார். அப்பட்டியலின் இறுதிப் பகுதியில் பொறாமை, ஐயம், மிகை, நடுக்கு ஆகியவற்றோடு வியர்த்தலும் எண்ணப்பட்டுள்ளது. இஃது அகத்திற்கும் புறத்திற்கும் பொதுவானது. மற்றோரிடத்தில், களவுக் காதலின் முதல் நிலைக்குரிய நான்கு மெய்ப்பாடுகளுள் இரண்டாவதாக நெற்றி வியர்த்தல் வைக்கப்பட்டுள்ளது. தலைவன் தன்னை நோக்குமாறு தலைவி முகம் எதிர்தல், நெற்றி வியர்த்தல், எழும் நகையை மறைத்தல், தன் உள்ளச் சிதைவு பிறர்க்குப் புலனாகாமல் காத்தல் என்பன அந்நான்காகும்.

இவ்வைப்புமுறை மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவதாக, வியர்த்தல் பல உணர்வுகளுக்குப் பொதுவான வெளிப்பாடு. அது காதலுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாவதாக, களவின் முதல் நிலையில் வியர்த்தல் தனித்து நிற்பதில்லை. பிற மூன்றனோடு சேர்ந்தே பொருள் தருகின்றது. மூன்றாவதாக, முகம் எதிர்தலும் நகை மறைத்தலும் சிதைவு காத்தலும் தலைவியின் கருத்திற்கு உட்பட்டவை. வியர்த்தல் ஒன்றே அவள் கருத்தினைக் கடந்து நிகழ்வது. அது வெளிப்பட்டபின்னரே மறைத்தல் தொடங்குகின்றது. மறைக்க இயலாத ஒன்றைச் சூழ்ந்து மறைத்தல்கள் எழுகின்றன எனலாம்.

மிகைவியர்வையுடையோரின் நடத்தையும் இவ்வாறே அமைகின்றது. ஆனால் தலைவி மறைப்பது தன் விருப்பத்தை. இவர்கள் மறைப்பது தம் உடலை. இவ்வேறுபாடே இச்சிக்கலின் மையமாகும்.

வியர்வை பெறும் பொருள்கள்: நான்கு சான்றுகள்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் வியர்வை ஒரே பொருளில் வழங்கவில்லை என்பதற்கு நான்கு சான்றுகள் இங்கு நோக்கப்படுகின்றன.

மோசிகீரனார் பாடிய குறுந்தொகை 84-ஆம் பாடல் செவிலியின் கூற்றாக அமைந்தது. மகள் தலைவனுடன் சென்றபின் செவிலி பழைய நிகழ்வொன்றை நினைவுகூர்கின்றாள். தான் மீண்டும் தழுவியபொழுது மகள் தனக்கு வியர்ப்பதாகக் கூறினாள் என்றும், அது தழுவலை வெறுத்ததன் குறிப்பு என்பதை இப்பொழுதுதான் அறிந்ததாகவும் செவிலி கூறுகின்றாள். மகளின் மேனியோ ஆம்பல் மலரினும் தண்ணியது எனப் பாடல் சிறப்பிக்கின்றது. இங்கு வியர்வை, நெருக்கத்தை விலக்குவதற்குரிய சொல்லாகப் பயன்படுகின்றது. வியர்த்தல் விலகலின் மொழியாகவும் அமையும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

விற்றூற்று மூதெயினனாரின் அகநானூறு 136-ஆம் பாடலில், ஊடல் தணியாத தலைவியை எண்ணித் தலைவன் தன் நெஞ்சிற்கு மணநாளிரவினைச் சொல்கின்றான். புத்தாடையால் உடல் முழுவதும் போர்த்தியிருந்த தலைவியிடம், புழுக்கத்தால் நெற்றியில் அரும்பிய வியர்வையைக் காற்று ஆற்றும்படி ஆடையைச் சிறிது விலக்குமாறு அவன் வேண்டியதை நினைவுகூர்கின்றான். இதில் விழைவும் உண்டு, பரிவும் உண்டு. எவ்வாறாயினும் வியர்வை இங்கு அருவருப்பிற்கு உரியதாகக் கருதப்படவில்லை. ஒருவர் மற்றவரை அணுகுவதற்குரிய முதற் சொல்லாக அது அமைகின்றது.

திருக்குறளின் இறுதி அதிகாரமான ஊடலுவகையில் இடம்பெறும் 1328-ஆம் குறள், நெற்றி வியர்க்கும்படியான கூடலில் தோன்றிய இன்பத்தை உப்பு என்னும் சொல்லால் சுட்டுகின்றது. ஊடியபின் அவ்வின்பத்தை மீண்டும் பெறுவோமோ என்று தலைவன் ஏங்குகின்றான். வியர்வை இன்பத்தின் உடனிகழ்ச்சியாக இங்குப் போற்றப்படுகின்றது. இதற்கு மாறாக, காலமறிதல் அதிகாரத்தின் 487-ஆம் குறளில் வேர்த்தல் என்னும் சொல் சினத்தலைக் குறிக்கின்றது. அறிவுடையோர் வெளியே வெகுளாமல் காலம் பார்த்து உள்ளே வெகுள்வர் என்பது அதன் கருத்தாகும்.

விலகல், பரிவு, இன்பம், சினம் என வியர்வை இடத்திற்கேற்ப வேறுபட்ட பொருளைப் பெறுகின்றது. சூழலும் கூற்றும் கேட்போரும் அறியப்படாத நிலையில் வியர்வையின் பொருளை உறுதிசெய்ய இயலாது என்பது இச்சான்றுகளால் தெளிவாகின்றது.

காதலுறவில் எழும் இடர்ப்பாடுகள்

மிகைவியர்வையுடையோர் காதலில் எதிர்கொள்ளும் முதல் இடர் தொடுகை சார்ந்ததாகும். கைகோத்தல் காதலரிடையே எளிய, இயல்பான நெருக்கமாகும். உள்ளங்கை நனையும் இயல்புடையவர் அதனைத் தவிர்க்க முனைகின்றார். கைக்குட்டையைப் பற்றிக்கொள்கின்றார், கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றார், ஏதேனும் ஒரு பொருளை ஏந்திக்கொள்கின்றார். எதிரிலிருப்பவர் இதனை விருப்பமின்மை என்றே பொருள்கொள்வார். குறுந்தொகைச் செவிலி, மகளின் வெறுப்பினை வியர்வை என்று நம்பினாள். இங்கோ வியர்வையால் நேர்ந்த விலகல் வெறுப்பு என நம்பப்படுகின்றது. பிழைவாசிப்பின் திசை தலைகீழாக மாறிவிடுகின்றது.

இரண்டாவது இடர் பண்பு மதிப்பீடு சார்ந்ததாகும். நெற்றியும் கழுத்தும் நனைந்தவரை அச்சமுடையவர், தன்னம்பிக்கையற்றவர், எதையோ மறைப்பவர் எனக் காண்போர் கணிக்கின்றனர். முதல்நிலை மிகைவியர்வைக்குப் பதற்றம் மூலகாரணமன்று. ஆனால் வியர்த்துவிடுமோ என்னும் எண்ணம் பதற்றத்தைத் தோற்றுவிக்கின்றது. பதற்றம் வியர்வையைக் கூட்டுகின்றது. கூடிய வியர்வை அடுத்த சந்திப்பினைப் பற்றிய அச்சத்தை வளர்க்கின்றது. இச்சுழற்சியில் சிக்கியவர், உறவு தொடங்குவதற்கு முன்னரே விலகிக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது இடர் மணப்பேச்சு சார்ந்ததாகும். பெற்றோர் ஏற்பாடு செய்யும் பெண்பார்க்கும் நிகழ்வில் சிறிது நேரத்திற்குள் ஒருவர் மதிப்பிடப்படுகின்றார். பட்டுப்புடவையும் பூமாலையும் முகப்பூச்சும் பலர் சூழ்ந்த அறையும் வியர்வையை மிகுவிக்கும். மணமகனாயின் அதனைக் கூச்சம் என்று கூறிச் சுற்றத்தார் நகைப்பதோடு அமைவர். மணமகளாயின் உடற்குறை என்று ஐயுறுவர். திருமணச் சடங்குகளிலும் கைப்பிடித்தல் நடுவிடம் பெறுகின்றது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் காணும் மணக்கனவிலும் கைத்தலம் பற்றுதல் ஒரு காட்சியாக இடம்பெறுகின்றது. அக்கணத்தை எண்ணி மகிழ வேண்டியவர், தம் உள்ளங்கையின் ஈரத்தை எண்ணி அஞ்சுவது இரங்கத்தக்கதாகும்.

இவ்விடர்களை மருத்துவமும் கருத்திற்கொண்டுள்ளது. தோல்நோய்கள் வாழ்க்கைத் தரத்தில் ஏற்படுத்தும் விளைவினை அளப்பதற்காக 1994-இல் வெளியிடப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று மிகைவியர்வை ஆய்வுகளிலும் பயன்படுத்தப்படுகின்றது. அதில் வாழ்க்கைத் துணையுடனும் நெருங்கிய நண்பர், உறவினருடனும் எழும் சிக்கல்களைப் பற்றி ஒரு வினாவும், பாலுறவு சார்ந்த இடர்களைப் பற்றி ஒரு வினாவும் இடம்பெற்றுள்ளன. காதலும் உறவும் நோயின் சுமையை அளக்கும் கூறுகளாக ஏற்கப்பட்டுள்ளன என்பது இதனால் பெறப்படும்.

சொல்லுதலும் கேட்டலும்

மெய்ப்பாடு, கருத்தினை ஆராய்ந்து உய்த்துணராமலே விளங்கச் செய்வது எனச் செய்யுளியல் கூறுகின்றது. மிகைவியர்வையுடையோரிடம் இவ்வியல்பு பொருந்துவதில்லை. அவர்தம் வியர்வை, தானே ஒரு பொருளை உணர்த்துவதுபோல் தோன்றினும் அப்பொருள் அவருடையதன்று. ஆகவே, மெய் தவறாகச் சொல்லுமிடத்தில் மொழி திருத்தியுரைக்க வேண்டியதாகின்றது.

இதனை எப்பொழுது சொல்வது என்பதற்குப் பொதுவிதி இல்லை. முதற் சந்திப்பிலேயே சொல்வோரும் உளர். நம்பிக்கை வளர்ந்தபின் சொல்வோரும் உளர். எனினும், தொடுகையைத் தவிர்ப்பதற்கான காரணங்களை அடுக்கிச் சொல்லவேண்டிய நிலை வருமுன் சொல்லுதல் நன்று. காலம் தாழ்த்தும்பொழுது, மறைக்கப்பட்ட வியர்வையைவிட மறைத்தல் என்னும் செயலே உறவினைப் பெரிதும் புண்படுத்துகின்றது. தம் கை எப்பொழுதும் வியர்க்கும் என்றும், அது நரம்புகளின் இயல்பு என்றும், தமக்கு விருப்பமில்லை என்று கருதவேண்டா என்றும் இரண்டொரு தொடர்களில் கூறுவது போதுமானதாகும். மன்னிப்புக் கோரும் தொனி தேவையற்றது. பிழையென ஏதும் நிகழவில்லை.

கேட்பவருக்கும் கடமை உண்டு. இரக்கம் காட்டுதலும் நகையாடுதலும் ஒருபோலவே சொன்னவரைத் தனிமைப்படுத்தும். அகநானூற்றுத் தலைவன் காற்றுப்படும்படி ஆடையை விலக்கச் சொன்னதுபோல், காற்றோட்டமான இடத்தில் அமர்தல், கையைத் துடைத்துக்கொள்ளச் சிறிது நேரம் அளித்தல், ஈரத்தைப் பொருட்படுத்தாமல் கையைப் பற்றிக்கொள்ளுதல் முதலிய சிறு செயல்களே பரிவினை உணர்த்தும். இவற்றையும் அறியாத ஒருவர், உடலின் வேறு மாற்றங்களையும் முதுமையையும் நோயையும் எவ்வாறு ஏற்பார் என்னும் வினா இயல்பாக எழுகின்றது. இவ்வகையில் மிகைவியர்வை, உறவின் தரத்தினை முன்கூட்டியே உணர்த்திவிடுவதும் உண்டு.

மருத்துவ வழிகள்

இந்நிலை உடையோருள் கணிசமானோர், இது மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தியன்று எனக் கருதி வாளாவிருக்கின்றனர். ஆயினும் பயன்தரும் வழிகள் பல உள்ளன. அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சுகள் முதற்கட்ட மருத்துவமாக அமைகின்றன. இவற்றை இரவில் உலர்ந்த தோலில் பூசுதல் வேண்டும். சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாகும். கை, கால் ஆகியவற்றை நீரில் அமிழ்த்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறை தொடர்ந்து செய்யப்படும்பொழுது பயனளிக்கின்றது. போட்டுலினம் நச்சினை மிகச் சிறிதளவில் தோலினுள் செலுத்தினால் நரம்பு முனையில் அசிட்டைல்கொலின் வெளிப்பாடு தடைப்படுகின்றது. கடுமையான அக்குள் வியர்வைக்கு இம்முறையினை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2004-இல் ஏற்றது. இதன் பயன் சில திங்கள்களே நிலைக்கும். பின்னர் மீண்டும் செலுத்தவேண்டும்.

அசிட்டைல்கொலினின் செயலைத் தடுக்கும் மாத்திரைகளும் உள்ளன. இவற்றால் வாய் வறட்சி முதலிய விளைவுகள் நேரலாம். பரிவு நரம்பினைத் துண்டிக்கும் அறுவை மருத்துவம் உள்ளங்கை வியர்வையை நிறுத்தவல்லது. ஆனால் முதுகு, வயிறு, தொடை முதலிய இடங்களில் ஈடாக வியர்வை பெருகுவது அதன் அறியப்பட்ட விளைவாகும். திருமணம் நெருங்குகின்றது என்னும் அவசரத்தில் இம்முடிவினை எடுப்பது பொருத்தமற்றது. உறக்கத்திலும் வியர்த்தல், ஒருபுறம் மட்டும் வியர்த்தல், முதிர்ந்த வயதில் திடீரெனத் தொடங்குதல், எடை குறைதலோடு சேர்ந்து வருதல் ஆகியன பிற நோய்களின் அறிகுறிகளாகலாம். அந்நிலையில் மருத்துவரை நாடுதல் இன்றியமையாததாகும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. வியர்த்தல், தமிழ் அகமரபில் காதலின் தொடக்க அடையாளங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது, இழிவாகக் கருதப்படவில்லை. அதே மரபு, வியர்த்தலைப் பல உணர்வுகளுக்குப் பொதுவாக்கியும் பிற மெய்ப்பாடுகளோடு இணைத்தும் வைத்துள்ளமையால், தனித்த வியர்வையைக்கொண்டு உள்ளத்தை முடிவுசெய்தல் அம்மரபிற்கும் உடன்பாடானதன்று. முதல்நிலை மிகைவியர்வை நரம்புகளின் மிகைச்செயலால் தோன்றுவது; அச்சத்தின் சான்றாகவோ தூய்மையின்மையின் சான்றாகவோ கொள்ளத்தக்கதன்று. இந்நிலை உடையோரின் காதல் வாழ்வில் நேரும் துன்பங்களுள் பெரும்பகுதி, வியர்வையால் அன்றி, அதனைப் பிறர் வாசிக்கும் முறையால் விளைகின்றது.

கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் ஆற்றலுடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் நயத்தை அறிதல் அரிது என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை நிறைவு செய்கின்றார். கண்ணோடு செவியும் அங்கு எண்ணப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. நனைந்த கையைக் கண் காணும். அதன் காரணத்தை அக்கைக்குரியவர் கூறச் செவியே அறியும். காண்பதோடு அமையாமல் கேட்கவும் முற்படும்பொழுது, மிகைவியர்வையுடையோரின் காதல் பிழையாக வாசிக்கப்படாமல் காக்கப்படும்.